குளிர்காலத்தில் கிரீட் தீவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நவம்பர் பிறந்ததும் கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் கடற்கரை விடுதிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திவிடும். ஹெர்சோனிசோஸ், மாலியா பக்கம் ஜூலையில் நடக்க இடம் இருக்காது. ஜனவரியில் அங்கே ஒரு காபிக்குத் தெருத்தெருவாக அலைய வேண்டியிருக்கும். "சீசன் இல்லை, கூட்டம் இருக்காது, வாடகையும் மலிவு" என்று அங்கே அறை பிடிப்பதுதான் முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரிய தவறும் அதுதான். கூட்டம் இல்லாத ஊரில் நிம்மதியாக இருக்கலாம். ஆளே இல்லாத ஊரில் இரண்டாம் நாளே சலித்துப்போகும்.

ஆண்டு முழுக்க மக்கள் வாழும் ஊராகப் பாருங்கள். ஹானியா, ரெதிம்னோ, இராக்லியோ மூன்றிலும் பல்கலைக்கழக வளாகங்கள் இருப்பதால், குளிர்காலத்தில் காபிக்கடைகளை மாணவர்களே நிரப்பிவிடுவார்கள். இன்னும் அமைதி வேண்டும் என்றால் தெற்குக் கரையில் இயராபெத்ரா இருக்கிறது. தீவின் வெப்பமான ஊர்களில் ஒன்று. தக்காளியும் வெள்ளரியும் விளையும் பசுமைக்குடில்களை நம்பி வாழ்கிற ஊர் என்பதால், சுற்றுலாப் பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் அதன் வேலை நடந்துகொண்டே இருக்கும். அழகான ஊர் என்று சொல்லமாட்டேன், ஆனால் உயிருள்ள ஊர்.

மலைக் கிராமத்தில் கல்வீடு எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் முதல் ஜனவரி வரை ஒலிவ அறுவடைக் காலம். மரத்தடியில் வலை விரித்து, ஜெனரேட்டரில் ஓடும் தடிக்கருவியால் கிளைகளை உலுக்கிக் காய் உதிர்ப்பார்கள். பொழுது விடிந்தால் அந்த இரைச்சல்தான். பார்க்கச் சுவாரசியமான வேலை, ஆனால் காலையில் நெடுநேரம் தூங்கலாம் என்று போனவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

அடுத்து, குளிர். மத்தியதரைக் கடல் என்றாலே வெயில் என்று நினைத்து இரண்டு பருத்திச் சட்டையோடு கிளம்பிவிடுகிறார்கள். வெளியே 14, 15 டிகிரி இருக்கும். நடந்தால் இதமாகத்தான் இருக்கும். குளிர் வாட்டுவது வீட்டுக்குள். பழைய வீடுகள் கோடை வெப்பத்தை வெளியே நிறுத்தக் கட்டியவை. கல்தரை, உயரமான கூரை, ஈரம் ஏறிய சுவர். அறை பிடிக்கும்போது "ஹீட்டர் உண்டா" என்று மட்டும் கேட்டால் "உண்டு" என்று பதில் வரும். என்ன வகை ஹீட்டர், படுக்கையறையிலும் இருக்கிறதா, அதற்கான மின்கட்டணம் வாடகையில் சேர்த்தியா என்று கேளுங்கள்.

வெந்நீருக்கும் இதே கதை. பெரும்பாலான வீடுகளின் மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி இருக்கும். இரண்டு நாள் மேகம் மூடினால் குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வரும். விடுதிக்காரருக்கு போன் போட்டுப் புகார் சொல்லும் முன் மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். தெர்மோசிஃபோனாஸ் என்று அவர்கள் சொல்லும் வெந்நீர்த் தொட்டிக்கான சுவிட்ச் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். குளிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிடுவது அந்த ஊர்ப் பழக்கம்.

கோடைப் படங்களைப் பார்த்துப் பயணத் திட்டம் போடுவது இன்னொரு தவறு. 16 கிலோமீட்டர் நடக்கும் சமாரியா மலையிடுக்குப் பாதை மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மழைக்காலத்தில் அதில் திடீர் வெள்ளம் வரும், கற்கள் உருளும். ஸ்பினாலோங்கா கோட்டைத் தீவும் குளிர்காலத்தில் மூடல். எலஃபோனிசி கடற்கரைக்குக் கோடையில் ஓடும் பஸ்ஸும் அப்போது கிடையாது. கடலில் நவம்பர் தொடக்கம்வரை குளிக்கலாம். பிப்ரவரியில் நீரின் வெப்பம் 16 டிகிரிக்கு இறங்கிவிடும். அதே பிப்ரவரியில் ஹானியா துறைமுகத்தில் நின்று திரும்பிப் பார்த்தால், ஊருக்குப் பின்னால் வெள்ளை மலைகள் என்ற மலைத்தொடர் பனி போர்த்தி நிற்கும். கோடையில் வருகிறவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் முழுதாகத் தெரியாது.

குளிர்காலத்தில் லாபம் பழைய இடங்களைப் பார்க்கப் போவதில்தான். கிநோசோஸ் அரண்மனையில் கோடையில் வெயிலும் வரிசையும் சேர்ந்து வதைக்கும்; ஜனவரியில் நிதானமாகச் சுற்றலாம். இன்னொரு பழைய அரண்மனையான ஃபைஸ்டோஸ் இன்னும் நல்லது. கீழே மெசாரா சமவெளி, எதிரே 2,456 மீட்டர் உயரமுள்ள சிலோரிதிஸ் மலை, அதன் தலையில் பனி. அங்கே கிடைத்த, குறிகள் பதித்த களிமண் தட்டான ஃபைஸ்டோஸ் வட்டு இராக்லியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மழை நாளை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சாப்பிட்டுவிட்டு மதியத்துக்கு மேல் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். தொல்லியல் இடங்கள் பலவற்றைக் குளிர்காலத்தில் பிற்பகலிலேயே பூட்டிவிடுவார்கள். டிசம்பரில் ஐந்து மணி தாண்டியதும் பொழுதும் சாய்ந்துவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு அரசு தொல்லியல் இடங்களில் நுழைவு இலவசம்.

கார் எடுப்பதாக இருந்தால், இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். வடகரை நெடுஞ்சாலையில் மெதுவாகப் போகிறவர்கள் ஓரக்கோட்டைத் தாண்டி ஒதுங்கி, பின்னால் வருகிறவருக்கு வழிவிடுவார்கள். நடுவில் நின்று நிதானமாக ஓட்டினால் ஒலிப்பான் சத்தம் காதைத் துளைக்கும். மழை பெய்த மறுநாள் மலைப்பாதையில் வளைவு திரும்பினால் கல் கிடக்கும், இல்லாவிட்டால் ஆடு நிற்கும். இருட்டிய பிறகு அந்தச் சாலைகளை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். கிராமத்து பெட்ரோல் பங்க்குகளை நம்பாமல் நகரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

தேதியிலும் ஏமாறலாம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் பல ஆண்டுகளில் நம் காலண்டரில் இருக்கும் ஈஸ்டரோடு சேர்ந்து வராது. 2027இல் நமக்கு மார்ச் 28, அவர்களுக்கு மே 2. அந்த வாரம் வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் ஊர் திரும்புவார்கள், வெடியும் கொண்டாட்டமுமாக இருக்கும். தவக்காலத்துக்கு முந்தைய வாரங்களில் ரெதிம்னோவில் கார்னிவல் நடக்கும். அமைதி தேடிப் போகிறவர்கள் இந்த நாட்களைத் தவிர்க்கலாம். வேடிக்கை பிடித்தவர்கள் இவற்றைப் பார்க்கவே போகலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தவக்காலம் ஒருவகையில் நல்ல காலம். அப்போது கடைகளில் "நிஸ்தீசிமோ" என்று கேட்டால் இறைச்சி, பால், முட்டை சேராத உணவு கிடைக்கும். அதை முழுச் சைவம் என்று எடுத்துக்கொள்வதில்தான் வம்பு: கணவாய், இறால், சிப்பி எல்லாம் அந்த நோன்பில் சேர்த்தி! எனவே கடல் உணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். மழைக்குப் பிறகு மலையில் பறித்த கீரையை வேகவைத்து, ஒலிவ எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றித் தருவார்கள். ஹோர்தா என்று பெயர். கோடையில் போகிறவர்களுக்கு இந்த ருசியில் பாதிதான் கிடைக்கும்.

கடைசியாக, போக்குவரத்து. ஐரோப்பிய நகரங்களிலிருந்து நேராக வரும் விமானங்களில் பெரும்பாலானவை அக்டோபரோடு நின்றுவிடும். பிறகு ஏதென்ஸ் வழிதான் நம்பகமானது. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலும் உண்டு, ஆனால் பலத்த காற்றடித்தால் கப்பல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். தெற்கே லூத்ரோ மாதிரி சாலை இல்லாத ஊருக்கும் கவ்தோஸ் தீவுக்கும் போனால், படகு வரும்வரை காத்திருக்க மனமும் நாளும் இருக்க வேண்டும். ஷெங்கன் விசா தேவைப்படுகிறவர்கள் திரும்பும் நாளையே விசாவின் கடைசி நாளாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் திரும்பும் விமானம் ஏதென்ஸிலிருந்து என்றால், முந்தைய நாளே தீவை விட்டுக் கிளம்பி அன்றிரவு ஏதென்ஸில் தங்கிவிடுங்கள்.