‘120’ என்று எழுதியிருந்தால் போதுமா? கன்சோலுக்கும் ஓடிடிக்கும் பொருத்தமான டிவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு ஆயுத பூஜை சமயத்தில் புது டிவி வந்தது. 55 அங்குலம், 4கே. பெட்டியின் மேல் ‘120’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தங்கை மகன் அன்று மாலையே தன் விளையாட்டுக் கன்சோலான பிஎஸ்5-ஐ (பிளேஸ்டேஷன் 5) இணைத்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் அழைத்தான். “பெரியம்மா, பெட்டியில் 120 என்று இருக்கிறது. கன்சோல் 60 என்றுதான் காட்டுகிறது. எதை நம்புவது?”

கன்சோலைத்தான் நம்ப வேண்டும். ஆனால் பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் சேர்த்து வைத்த பணம் அது. வாங்கும் முன் அரை மணி நேரம் செலவழித்திருந்தால் அந்த ஏமாற்றம் இருந்திருக்காது. அந்த அரை மணி நேரத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை, முதல் முறை வாங்குபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: உங்கள் கன்சோல் என்ன அனுப்புகிறது?

டிவியைப் பற்றி யோசிக்கும் முன் கன்சோலைப் பாருங்கள். பிஎஸ்4 நொடிக்கு 60 படங்களுக்கு (ஃபிரேம்களுக்கு) மேல் அனுப்பாது. அதற்கு 120 ஹெர்ட்ஸ் டிவி, அதாவது நொடிக்கு 120 முறை படம் மாறும் டிவி, வாங்குவது வீண் செலவு. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே தெளிவில் 120 ஹெர்ட்ஸ் வரை அனுப்பும். சீரிஸ் எஸ் 120 ஹெர்ட்ஸுக்குப் போகும் என்றாலும், விளையாட்டுகளுக்கு அதன் இலக்கு 4கேயைவிடக் குறைந்த 1440பி தெளிவுதான்.

பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் 120 கட்டாயமா? இல்லை. கதை சார்ந்த விளையாட்டுகள் பெரும்பாலும் 30 அல்லது 60 படங்களில்தான் ஓடுகின்றன. ஆனாலும் பணம் இடம் கொடுத்தால் 120 வாங்குங்கள் என்றே சொல்வேன். காரணம் எளிய கணக்கு. திரைப்படம் நொடிக்கு 24 படங்கள். 120-ஐ 24 மிச்சமில்லாமல் வகுக்கும், 60-ஐ வகுக்காது. அதனால்தான் 60 ஹெர்ட்ஸ் திரையில் கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் ஒரு சிறு தடுமாற்றம் தெரிகிறது. சில பிஎஸ்5 விளையாட்டுகளில் 40 படங்கள் என்றொரு தேர்வு உண்டு. அதுவும் 120 ஹெர்ட்ஸ் திரையில்தான் சீராக வரும். ஆக, விளையாடும் மகனுக்கும் இரவில் படம் பார்க்கும் அம்மாவுக்கும் ஒரே வசதி பயன்படுகிறது.

படி 2: அளவு நாடாவை எடுங்கள்

சோபாவில் உட்காரும்போது கண் இருக்கும் இடத்திலிருந்து திரை வரும் இடம் வரை அங்குலத்தில் அளந்து, 1.6 ஆல் வகுங்கள். வருவது உங்களுக்கு ஏற்ற திரை அளவு. ஏழரை அடி என்றால் 90 அங்குலம், வகுத்தால் 56. அதாவது 55 அங்குல டிவி. ஆறடிக்குள் என்றால் 43 போதும். விளையாடுபவர்கள் இதைவிட ஒரு படி பெரிதாக எடுத்தாலும் தவறில்லை.

டிவி வைக்கும் மேசையின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். 55 அங்குல டிவி ஏறக்குறைய நான்கு அடி அகலம்; பல மாடல்களில் கால்கள் இரண்டு ஓரங்களிலும் இருக்கும். வாடகை வீட்டுச் சுவரில் துளை போட உரிமையாளர் சம்மதிப்பாரா என்பதையும் டிவி வரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 3: 120 என்ற எண்ணை நான்கு விதமாகப் படிக்கலாம்

தங்கை வீட்டுக் கதை நடந்த இடம் இதுதான். எனவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலாவது, பேனலே, அதாவது படம் தெரியும் திரைப் பலகையே, 120 ஹெர்ட்ஸ். 4கே தெளிவிலேயே நொடிக்கு 120 முறை படம் மாறும். நமக்கு வேண்டியது இது.

இரண்டாவது, ‘மோஷன் ரேட் 120’ போன்ற பெயர்கள். இது பேனலின் வேகம் அல்ல, நிறுவனம் தானே வைத்துக்கொண்ட ஓர் எண். உள்ளே 60 ஹெர்ட்ஸ் பேனலே இருக்கலாம். தங்கை வீட்டில் இருப்பது இந்த வகை.

மூன்றாவது, எம்இஎம்சி. இரண்டு படங்களுக்கு நடுவே டிவி தானாக ஒரு படத்தைக் கற்பித்துச் சொருகும். கிரிக்கெட்டுக்குச் சிலர் விரும்புவார்கள். விளையாட்டில் தாமதத்தைக் கூட்டும். திரைப்படத்தைச் சீரியல் போல ஆக்கிவிடும்.

நான்காவது, டிஎல்ஜி. 60 ஹெர்ட்ஸ் பேனலில் இரண்டிரண்டு வரிகளை ஒன்றாக இயக்கி 120 காட்டும் முறை. வேகம் கிடைக்கும், ஆனால் தெளிவு குறையும். விலை குறைந்த டிவிகளில் இது அதிகம். தெரிந்து வாங்கினால் குற்றமில்லை. 4கே 120 என்று நினைத்து வாங்கக்கூடாது.

கடையில் ஒரே கேள்வி கேளுங்கள்: “இது 4கே தெளிவில் 120 ஹெர்ட்ஸ் உள்ளீட்டை ஏற்குமா?” பதிலை வாயால் கேட்டு நிறுத்தாமல், அந்த மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் இணையதளத்தில் விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரே வரிசையில் 43 அங்குலத்துக்கு 60 ஹெர்ட்ஸும் 55-க்கு 120-ம் இருப்பது உண்டு. மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும்.

படி 4: பின்பக்கத்தைப் பாருங்கள்

கன்சோலை டிவியோடு இணைப்பது எச்டிஎம்ஐ துளை. எச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு 18 கிகாபிட்டைக் கடத்தும், 2.1 அதிகபட்சம் 48. நமக்கு வேண்டிய வசதிகள் 2.1-ஐச் சேர்ந்தவை. ஆனால் ‘2.1’ என்று எழுதியிருப்பதாலேயே எல்லா வசதியும் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. எனவே மூன்று வசதிகளைப் பெயர் சொல்லித் தேடுங்கள்: 4கே 120, விஆர்ஆர், ஏஎல்எல்எம்.

விஆர்ஆர் என்றால் கன்சோல் படத்தை அனுப்பும் வேகம் ஏறி இறங்கும்போது திரையும் அதற்கேற்ப மாறும். படம் கிழிந்தது போலத் தெரியாது. பிஎஸ்5-க்கு இது 2022 ஏப்ரலில் வந்தது. ஏஎல்எல்எம் இருந்தால் விளையாட்டு தொடங்கியதும் டிவி தானாகவே, தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடுக்கு மாறும்.

பல டிவிகளில் நான்கு துளைகள் இருந்தாலும் இரண்டில் மட்டுமே 4கே 120 கிடைக்கும். அந்த இரண்டில் ஒன்றே இஆர்க் துளையாகவும் இருக்கும், அதாவது சவுண்ட்பார் போகும் இடம். இரண்டு கன்சோலும் ஒரு சவுண்ட்பாரும் வைத்திருப்பவர்கள் இதை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

படி 5: அறையின் வெளிச்சமும் பேனலும்

ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். கறுப்பு முழுக் கறுப்பு. படம் மாறும் வேகத்திலும் அதற்கு இணையில்லை. விளையாட்டுக்கும் இரவுத் திரைப்படத்துக்கும் என் முதல் தேர்வு அதுதான். ஒரு நிபந்தனை மட்டும்: அசையாத படம் தினமும் பல மணி நேரம் நின்றால் அந்தத் தடம் நிலைத்துவிடும் அபாயம் உண்டு. நம் வீடுகளில் தமிழ்ச் செய்திச் சேனல் காலை முதல் இரவு வரை ஓடுகிறது. கீழே அதே பட்டை, மூலையில் அதே முத்திரை. அப்பாவின் வழக்கம் அது என்றால் ஓஎல்இடி வேண்டாம், திரைக்குப் பின்னால் நிறையச் சிறு விளக்குகள் உள்ள மினி எல்இடி எடுங்கள். பால்கனிக் கதவு வழியாக வெயில் கொட்டும் ஹாலுக்கும் அதுவே நல்லது.

சாதாரண எல்இடியில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை. ஐபிஎஸ் பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் நிறம் மாறாது, கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ கறுப்பைச் சரியாகக் காட்டும், நேராக உட்கார வேண்டும்.

வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் முறைதான் எச்டிஆர். விலை குறைந்த டிவிகளில் ‘எச்டிஆர்’ என்று எழுதியிருப்பதை நம்பிப் பணம் கூட்டாதீர்கள். 300 நிட்ஸ் (திரை ஒளியின் அளவை) அளவுக்கே ஒளிரும் திரை எச்டிஆர் படத்தை வாங்கிக்கொள்ளும். அதன் அழகைக் காட்டும் ஒளி அதனிடம் இருக்காது. எச்டிஆரில் எச்டிஆர்10, டால்பி விஷன் என்று வகைகள் உண்டு. டால்பி விஷன் வேண்டுமா என்பது நீங்கள் பார்ப்பதைப் பொறுத்தது. பிஎஸ்5 விளையாட்டுகள் எச்டிஆர்10-ஐத்தான் பயன்படுத்துகின்றன. சீரிஸ் எக்ஸ் டால்பி விஷனிலும் விளையாட விடும். சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது.

படி 6: ஓடிடி

நீங்கள் சந்தா கட்டும் செயலிகள் அந்த டிவியில் இருக்கின்றனவா என்று பாருங்கள், அவ்வளவுதான். 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் இணைய வேகம் வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். டிவியின் ஈதர்நெட் துளை பெரும்பாலும் 100 மெகாபிட்தான் என்று கேட்டுக் கவலைப்பட வேண்டாம், ஓடிடிக்கு அது தாராளம். உள்ளே இருக்கும் மென்பொருள் மந்தமாக இருந்தாலும் பின்னால் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகிக்கொள்ளலாம். பேனலை அப்படி மாற்ற முடியாது. எனவே பணத்தைப் பேனலில் போடுங்கள்.

படி 7: கடையில்

காட்சிக்கு வைத்த டிவி கடைப் பயன்முறையில் கண் கூசும் ஒளியோடு ஓடும். வீட்டுப் பயன்முறைக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். இருட்டான காட்சி உள்ள ஒரு வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். கன்சோலையே பையில் எடுத்துப்போனால் இன்னும் நல்லது. கேட்டால் இணைத்துப் பார்க்க விடும் கடைகள் இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பழைய விலையை வைத்துப் பேசுபவரிடம் இதைச் சொல்லுங்கள். போன வருட மாடலில் மேலே சொன்னவை எல்லாம் இருந்தால் தயங்காமல் அதையே எடுங்கள்.

கேபிளுக்காகப் பெங்களூருவின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோடுக்கு ஓட வேண்டியதில்லை. பிஎஸ்5 பெட்டியிலேயே தகுந்த கேபிள் இருக்கிறது. நீளம் போதாவிட்டால் மட்டும், ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ சான்று ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 8: வீட்டில் இணைப்பது

ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூருவில் மாலை மழை இடியோடுதான் வரும். நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒன்றில் டிவியையும் கன்சோலையும் செருகுங்கள். இடி தொடங்கும் முன்பே பிளக்கையே எடுத்துவிடுங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் வரும் சில நொடிகளில் கன்சோல் அணைந்துவிடும். சேமித்துக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் அந்தச் சேமிப்பு கெட்டுப்போகலாம். அடிக்கடி மின்சாரம் போகும் தெருவில் ஒரு சிறு யுபிஎஸ் அவசியம்.

அடுத்து, டிவி அமைப்புகளில் கன்சோல் செருகிய துளைக்கு முழு வேகத்தை அனுமதியுங்கள். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’ என்று இதற்குப் பெயர். இதைச் செய்யாமல் விட்டு, டிவி சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பிறகு கேம் மோடு. 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லி நொடி. சாதாரணப் பயன்முறையில் சில டிவிகள் 100 மில்லி நொடி வரை தாமதிக்கும். பொத்தானை அழுத்தியபின் ஆறு படங்கள் கடந்து வீரன் குதிப்பான். கேம் மோடில் அது ஓரிரு படங்களுக்குள் அடங்கும்.

கடைசியாக, பிஎஸ்5-இன் அமைப்புகளில் திரை, வீடியோ பகுதிக்குள் வீடியோ வெளியீட்டுத் தகவல் பக்கத்தைத் திறவுங்கள். இணைத்த டிவி எந்தத் தெளிவில் எத்தனை ஹெர்ட்ஸை ஏற்கிறது என்று அங்கே தெரியும். 2160 (அதாவது 4கே) என்ற இடத்துக்கு நேரே 120 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு துளையில் செருகி மறுபடி பாருங்கள். டிவி வந்த அன்றே இதைச் செய்துவிடுங்கள். 120 கண்ணில் படும் வரை அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் பழைய பேப்பர்காரரிடம் கொடுக்காதீர்கள்.