ஜப்பானிய மொழி: இது 'இ' பெயரடையா, 'ந' பெயரடையா?

ஹிரகானா (ஜப்பானிய ஒலியெழுத்து) எழுதப் பழகி, 'இது புத்தகம்', 'அது பேனா' என்று நாலு வாக்கியம் பேச வந்ததும் பெயரடை வந்து நிற்கும். ஜப்பானியப் பெயரடைகள் இரண்டு கட்சி: இ-பெயரடை, ந-பெயரடை. தமிழ் தெரிந்தவருக்கு இதில் பாதி வேலை முன்பே முடிந்துவிட்டது என்பேன்.

இ-பெயரடையின் வாலை மட்டும் கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன். படிக்கும்போது சேர்த்தே படியுங்கள்.

படி 1: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வையுங்கள்

'ஃபுரு-இ' என்றால் பழைய. 'மச்சி' என்றால் ஊர் (நம்ம மச்சி இல்லை). ஃபுரு-இ மச்சி, பழைய ஊர். நடுவில் எதுவும் வேண்டாம். 'ஷிஸுகா' என்றால் அமைதி. ஆனால் ஷிஸுகா மச்சி என்று சொல்ல முடியாது. ஷிஸுகா ந மச்சி என்றுதான் சொல்ல வேண்டும்.

நாமும் 'பழைய ஊர்' என்கிறோம், 'அமைதி ஊர்' என்பதில்லை. 'அமைதியான ஊர்' என்கிறோம். அந்த 'ஆன' செய்கிற வேலையைத்தான் 'ந' செய்கிறது. 'அமைதியாக' என்று சொல்ல வேண்டுமா? ஷிஸுகா நி. ஆன, ஆக, ந, நி. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது!

ஒரே எச்சரிக்கை: தமிழ் அர்த்தத்தை வைத்துக் கட்சியை முடிவு செய்யாதீர்கள். 'தக-இ' என்றால் நமக்கு 'உயரமான', அங்கே 'ஆன' வருகிறது. ஆனாலும் அது இ கட்சிதான்.

படி 2: வாலைப் பாருங்கள்

சொல்லின் கடைசியில் 'இ' தனி எழுத்தாக நிற்க வேண்டும். கென்கி (நலம்), பென்ரி (வசதி) போல கி, ரி என்று நம் உயிர்மெய் மாதிரி முடிந்தால் கணக்கில் வராது. இவையெல்லாம் ந கட்சி.

தனி 'இ' இருந்தால் பெரும்பாலும் இ கட்சி. ஆனால் சில வேஷக்காரர்கள் உண்டு: கிரேய் (அழகு, சுத்தம்), யூமேய் (புகழ்), தேய்நேய் (பணிவு). இவற்றில் 'இ'க்கு முன்னால் எ ஓசை வருவதைக் கவனியுங்கள். அப்படி முடியும் சொல்லை யோசிக்காமல் ந கட்சியில் போடலாம். கான்ஜியில் (சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்து) எழுதினால் இன்னும் தெளிவு. ஃபுரு-இ என்பதில் 'இ' ஹிரகானா எழுத்தாக வெளியே தொங்கும். யூமேயில் அது கான்ஜிக்குள்ளேயே அடங்கிவிடும்.

இதற்கும் அடங்காதது 'கிராய்' (பிடிக்காத). வால் வெளியே தொங்கும், எ ஓசையும் கிடையாது, ஆனாலும் ந கட்சி. காரணம், அது 'கிராவு' என்ற வினையிலிருந்து வந்த சொல். 'வெறு' என்பதிலிருந்து 'வெறுப்பு' வந்த மாதிரி. இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஒருவர் வீட்டுத் தோட்டத்தை 'கிரேய்' என்று பாராட்டப் போய் 'கிராய்' என்று சொல்லிவிட்டு நான் அசடு வழிந்த கதையும் உண்டு.

படி 3: மறுத்துப் பாருங்கள்

எனக்குப் பிடித்த சோதனை இதுதான். இ-பெயரடை தானே வினை மாதிரி உருமாறும்:

ஃபுரு-இ: பழையது
ஃபுரு-குந-இ: பழையது இல்லை
ஃபுரு-கத்த: பழையதாக இருந்தது
ஃபுரு-குந-கத்த: பழையதாக இருக்கவில்லை

கடைசி இரண்டையும் பாருங்கள். 'இல்லை' என்கிற 'ந-இ'யும் ஒரு இ-பெயரடை போலவே வாலை உதறிவிட்டுக் 'கத்த' ஆகிறது. ஒன்றைக் கற்றால் இரண்டு லாபம்.

ந-பெயரடை அசையாது. பக்கத்தில் இருக்கும் சொல்தான் மாறும்: ஷிஸுகா ஜா ந-இ (அமைதி இல்லை), ஷிஸுகா தத்த (அமைதியாக இருந்தது, முதல் த, 'தர்மம்' என்பதில் வருவது போல).

இதனால்தான் 'சுவையாக இருந்தது' என்பதற்கு 'ஒய்ஷி-இ தெஷித்த' தவறு ('தெஷித்த' என்பது 'தெஸு'வின் இறந்தகாலம்). இறந்தகாலம் பெயரடைக்குள்ளேயே வந்துவிட வேண்டும்: ஒய்ஷி-கத்த தெஸு. அந்த 'தெஸு' மரியாதைக்கு மட்டும். நான் பல மாதம் தவறாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் திருத்தவில்லை, சிரித்துவிட்டுப் போனார்கள்.

சரி, ஒரு முரடன் பாக்கி. 'இ-இ' (நல்ல) என்பதன் மறுப்பு யொ-குந-இ, இறந்தகாலம் யொ-கத்த. பழைய வடிவம் 'யொ-இ' என்பதால் இந்த மாற்றம்.

அப்புறம் நிறங்கள். சிவப்பு (அக-இ), நீலம் (அஒ-இ) எல்லாம் இ கட்சி. பச்சை (மிதோரி) இரண்டு கட்சியிலும் இல்லை. அது வெறும் பெயர்ச்சொல், நடுவில் 'நோ' கேட்கும்: மிதோரி நோ மச்சி.

இப்போது நீங்கள் மறுத்துப் பாருங்கள்: யசுஇ (மலிவு), ஹிமா (வேலையில்லாத ஓய்வு), ஷித்சுரேஇ (மரியாதைக்குறைவு), ஹயஇ (வேகம்).

விடை: யசுகுநஇ, ஹிமா ஜா நஇ, ஷித்சுரேஇ ஜா நஇ, ஹயகுநஇ. மூன்றாவதில் மாட்டிக்கொண்டவர்கள் படி 2-க்குத் திரும்பிப் போய் அந்த எ ஓசையை இன்னொரு முறை பாருங்கள்.