மலையக ஆறுகளில் பிளாஸ்டிக்கைக் கணக்கெடுப்பது எப்படி?

இலங்கை மலையகத்து ஓயாக்களில் (சிற்றாறுகளில்) குப்பை ஆண்டு முழுக்க ஒரே அளவில் போவதில்லை. வெயில் காலத்தில் கல்லிடுக்கிலும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் வடிகானிலும் சேர்ந்து கிடக்கும். முதல் பெருமழை அத்தனையையும் இழுத்துக்கொண்டு போகும். வெயில் நாளில் மட்டும் எண்ணினால் ஆறு சுத்தம் என்றுதான் கணக்கு வரும். ஆகவே மாதத்தில் இரண்டு குறித்த நாட்கள் எண்ணுங்கள், அதோடு மழைக்குத் தண்ணீர் ஏறும்போது ஒரு தடவை. நானுஓயா, கொத்மலை ஓயாப் பக்கம் மே மாதத்துத் தென்மேல் பருவமழையின் தொடக்கத்தைத் தவறவிடக்கூடாது. பதுளு ஓயாவுக்கு டிசம்பரை ஒட்டிய வடகீழ் மழை.

எண்ணுவதற்கு வலையை விடப் பாலமே நல்லது. வலை பாறையில் கிழியும், இலைதழை அடைத்துக்கொள்ளும். 10 முதல் 15 மீற்றர் அகலமுள்ள பாலத்துக்கு இரண்டு பேர் போதும்: ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் நேரம் பார்த்துக் கோடு போடவேண்டும். 5 நிமிடம் எண்ணி 5 நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று சுற்று. தொடர்ந்து பார்த்தால் கண் சோர்ந்து பாதி தவறிவிடும். மூன்று சுற்றிலும் சேர்த்து 12 துண்டு வந்தால் 15 நிமிடத்துக்கு 12, அதாவது மணிக்கு 48. ஒவ்வொரு முறையும் அதே பாலம், அதே பக்கம். போத்தல் மூடியை விடச் சிறியதை எண்ணவேண்டாம். ஒன்றும் வராவிட்டால் 0 என்று எழுதுங்கள். வெற்றிடம் விட்டால் அன்று யாரும் போகவில்லை என்றாகிவிடும்.

அதிகம் ஏமாற்றுவது வெள்ளை நுரை. கல்லில் மோதினால் நுரை உடைந்து கரையும். ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டு குதித்து முழுசாகவே மறுபக்கம் வரும். அதனால் பாறைக்குக் கீழ்ப்புறம் கண் வைத்து எண்ணுங்கள். மூடியில்லாமல் தண்ணீர் நிரம்பிய பெட் போத்தல் அடியில் உருண்டு போகும், பாலத்திலிருந்து தெரியாது.

அந்தக் குறையைக் கரைக் கணக்கு ஓரளவு ஈடுசெய்யும். 20 மீற்றர் கரையை அளந்து, இரு முனையிலும் அசையாத பாறையில் பெயின்ட் அடையாளம் இடுங்கள். தண்ணீர் ஓரத்திலிருந்து கிளையில் பொலித்தீன் தொங்கும் உச்சி வரை எல்லாவற்றையும் எண்ணி எடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் கிடைப்பதெல்லாம் புதிதாக வந்தது. முதல் தடவை எடுத்தது பல வருடத்துக் குப்பை, அதை மாதக் கணக்கில் சேர்க்காதீர்கள். (இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் மறக்கவேண்டாம்.) மேல் கொத்மலை அணைக்குக் கீழே கரைவேலையே வேண்டாம்: வான் கதவு (மிகுநீரை வெளியேற்றும் கதவு) திறந்தால் தண்ணீர் திடீரென ஏறும். மற்ற இடங்களிலும் மேலே மலையில் மழை இருட்டினால் ஏறிவிடுங்கள்.

எடுத்ததை ஷொப்பிங் பேக், போத்தல், உரப்பை, தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தல், சஷே (சிறு பக்கெற்), ரெஜிபோம், மற்றவை என்று பிரியுங்கள். மருந்துப் போத்தலைக் கையுறையோடு மட்டும் தொடுங்கள், கழுவவேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும். நிறுப்பதற்கு முன் மற்றவற்றைக் கழுவிக் காயவைக்கவேண்டும். ஓர் உரப்பைக்குள் சிக்கிய சேறு பையை விடப் பலமடங்கு பாரம். பனிமூட்டத்தில் கொடியில் போட்டால் காயாது; கூரைக்குக் கீழே தொங்கவிட்டு, அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே நிறை காட்டிய பிறகே குறியுங்கள்.

சஷேயில் உற்பத்தித் திகதி இருந்தால் படம் எடுங்கள். உணவும் மருந்தும் தவிர்ந்த, 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத சஷேக்கள் இலங்கையில் 2021 மார்ச் 31 முதல் தடை. அதற்குப் பிந்திய திகதி இருந்தால் அது தடைக்கு முந்திய குப்பை அல்ல. அதைத் தனி வரிசையில் எழுதுங்கள்.