பிரிட்டனில் தபால் வாக்கு: கையெழுத்துப் போட்டு அனுப்பியும் ரகசியம் காக்கப்படும் விதம்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து படிப்புக்கோ வேலைக்கோ பிரிட்டன் வந்து சேரும் பலருக்கு, இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டே இங்கு வாக்களிக்கலாம் என்பது தெரிவதில்லை. உரிய விசாவுடன் வசிக்கும் இந்தியர், காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டு நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம்.

தபால் வாக்குக் கேட்டவர்களுக்கு வரும் தபால் கட்டுக்குள் வாக்குச்சீட்டு, 'ஏ' உறை, 'பி' உறை ஆகியவற்றுடன் பிறந்த தேதியும் கையெழுத்தும் கேட்கும் உறுதிமொழிப் படிவமும் இருக்கும். கையெழுத்தும் கூடவே போவதால், யாருக்குப் போட்டோம் என்பது தெரிந்துவிடுமோ என்ற தயக்கம் புதிதாக வந்தவர்களுக்கு இயல்பாகவே எழுகிறது. நம் ஊர்க் கல்யாண வீட்டு மொய் நோட்டில் பெயரும் தொகையும் ஒரே வரியில் ஏறும். தபால் வாக்கு முறையோ பெயரையும் வாக்கையும் ஒருவர் கண்ணில் சேர்த்துக் காட்டாமலிருக்கவே அமைக்கப்பட்டது.

குறியிட்ட சீட்டை 'ஏ' உறையில் வைத்து ஒட்டி, அதையும் படிவத்தையும் 'பி' உறையில் வைத்து அனுப்ப வேண்டும். அலுவலர்கள் முதலில் 'பி' உறையைப் பிரித்து, படிவத்திலுள்ள தேதியையும் கையெழுத்தையும் நீங்கள் விண்ணப்பத்தில் கொடுத்தவற்றோடு ஒப்பிடுகிறார்கள்; அப்போது 'ஏ' உறை ஒட்டியபடியே இருக்கும். பொருந்தியவர்களின் படிவங்களை விலக்கி வைத்த பிறகே 'ஏ' உறைகள் பிரிக்கப்படுகின்றன. சீட்டுகளைக் கவிழ்த்தே வைத்து, பின்புற எண்ணை மட்டும் சரிபார்த்துப் பெட்டியில் இட்டுப் பூட்டிவிடுகிறார்கள். கட்சி முகவர்கள் அங்கே இருந்து கவனிக்கலாம். குறியைப் பார்க்க முயல்வது குற்றம். அந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை: எண்ணையும் வாக்காளரையும் இணைக்கும் பட்டியல் முத்திரையிட்டு வைக்கப்படுகிறது, நீதிமன்ற ஆணை போன்ற உயர்ந்த அதிகாரமின்றி அதைத் திறக்க முடியாது.

ரகசியம் உண்மையில் கசியும் இடம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என்பது என் எண்ணம். அப்பச்சி சொன்னவருக்கே வீடு முழுவதும் போடுவதும், எல்லோர் சீட்டையும் ஒருவரே வாங்கிக் குறியிடுவதும் பாசத்தால் நடந்தாலும் இங்கு ஏற்கத்தக்கவை அல்ல. ஒருவர் தபால் வாக்கில் குறியிடும்போது அதை அறிய முயல்வதையும் 2022ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மனைவியும் மகளும் தனியே அமர்ந்து குறியிட்டு, தாமே உறையை ஒட்டட்டும்.

விண்ணப்பத்தில் தமிழில் கையெழுத்திட்டவர் படிவத்திலும் தமிழிலேயே இட வேண்டும். பிறந்த தேதிக்கான கட்டங்களில் அன்றைய தேதியை எழுதிவிட்டாலும் வாக்கு தள்ளப்படும். வாக்குப்பதிவு நாள் இரவு 10 மணிக்குள் உறை அலுவலர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் தபாலில் போடாமல், உங்கள் தொகுதியின் வாக்குச்சாவடியில் அதற்கான படிவத்தை நிரப்பி நேரில் கொடுத்துவிடலாம்.