ஏற்காட்டு மலையில் நழுவிய கிளட்ச்

அப்பாவின் 1983 பிரீமியர் பத்மினி கார். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் கூடியது, வேகம் கூடவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் முதல் கியரிலேயே உருட்டிக் கடந்தோம். கருகிய வாடை வேறு.

வீட்டில் ஒரு சோதனை: ஹேண்ட்பிரேக் போட்டு, டாப் கியரில் கிளட்சை மெல்ல விட்டேன். கிளட்ச் பிடித்தால் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும்; ஓடிக்கொண்டே இருந்தது, அதாவது கிளட்ச் நழுவுகிறது. பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்ச் விடுபடத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) சரியாகவே இருந்ததால் கழற்றுவதைத் தவிர வழியில்லை.

மெக்கானிக் அண்ணனோடு, பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட், ஸ்டீயரிங்கிலிருந்து வரும் கியர் கம்பிகள் எல்லாம் கழற்றி கியர்பாக்ஸை இறக்கினோம். உள்ளே இருந்த தூசியை ஊதவே இல்லை. கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பட்டையான பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் ஈரத்துணியால்தான் துடைத்தேன். இதில் சோம்பல் கூடவே கூடாது.

கிளட்ச் பிளேட்டில் லைனிங், ரிவெட் தலைகளோடு சமமாகும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பிளேட் உரசும் இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலில் சூட்டால் நீலத் திட்டுகள். லேத்தில் கொடுத்து லேசாகச் சீவி வாங்கினேன். பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் புதிது. பேரிங்கை மட்டும் மிச்சம் பிடித்தால் மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும்.

பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்டைச் செருகி பிளேட்டை நடுவில் நிறுத்திய பிறகே போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். கியர்பாக்ஸ் ஒரே தள்ளில் போய் உட்கார்ந்தது. மறுநாள் அதே சோதனையில் இன்ஜின் உடனே அணைந்தது. அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து மறுபடி மலையேறினேன்.