ஆல்-டெரெயின் டயர் மாட்டும் முன், கதவோர ஸ்டிக்கரைப் படியுங்கள்

புலம்பெயர்ந்து வந்த நாட்டில் முதல் எஸ்யூவியோ பிக்கப்போ வாங்கியதும் பலருக்குக் கண் போவது டயர் மீதுதான். தரையைத் தொடும் பரப்பில் பெரிய பெரிய ரப்பர் கட்டிகள் (பட்டன்) வைத்த ஆல்-டெரெயின் டயர் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். பனி, ஜல்லி, சேறு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று கடையிலும் சொல்வார்கள். அது பாதி உண்மை. வாரம் முழுக்க வேலைக்கும் பள்ளிக்கும் தார் ரோட்டில் ஓடிவிட்டு, வருடத்துக்கு இரண்டு முறை காட்டு முகாமுக்குப் போகிற வண்டிக்கு நல்ல ஆல்-சீசன் டயர் போதும். ஆல்-டெரெயினில் இரைச்சல் கூடும், எரிபொருள் கொஞ்சம் அதிகம் குடிக்கும், மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க இன்னும் சில மீட்டர் கேட்கும். வீட்டுக்குப் போகும் வழியே ஜல்லி ரோடு, கட்டுமான இடத்தில் வேலை, வாரந்தோறும் மலைப்பாதை என்றால் மட்டும் இந்தச் செலவில் இறங்கலாம்.

இறங்குவதென்றால் முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். உதாரணத்துக்கு 265/70ஆர்17 115டி (265/70R17 115T) என்று எடுத்துக்கொள்வோம். 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 185.5 மி.மீ. 17 என்பது அங்குலத்தில் ரிம். 115 என்றால் ஒரு டயர் 1215 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை ஓடலாம். புது டயரின் சுமை எண் (இங்கே 115) ஸ்டிக்கரிலோ வண்டியின் கையேட்டிலோ சொன்னதற்குக் கீழே இறங்கவே கூடாது.

‘ஒரு சைஸ் பெரிசா போடலாம், ஒண்ணும் ஆகாது’ என்பார்கள். கணக்குப் பார்த்துவிடுவோம். 265/70ஆர்17 டயரின் மொத்த விட்டம் சுமார் 803 மி.மீ.; 285/70ஆர்17 போட்டால் 831. மூன்றரை சதவீதம் கூடுகிறது. ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பைவிட மூன்றரை கி.மீ. கூடுதல் வேகத்தில் போகும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள் மட்கார்டில் உரசும். ஆள் ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினால் இன்னும் மோசம். முதல் முறை மாற்றுகிறவர்கள் கம்பெனி அளவிலேயே நிற்பது நல்லது.

இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு எல்டி டயர். அளவுக்கு முன்னால் எல்டி (LT) என்று இருந்தால் அது லைட் டிரக்குக்கானது. பக்கச்சுவர் தடிமனாக இருக்கும். கூரான கல்லும் கனமான டிரெய்லரும் அதற்குப் பெரிதில்லை. ஆனால் ஸ்டிக்கரில் இருக்கும் காற்றழுத்தம், உதாரணத்துக்கு 35 பிஎஸ்ஐ, சாதாரண டயருக்குச் சொன்னது. அதே அழுத்தத்தில் அதே அளவு எல்டி டயர் அத்தனை எடையைத் தாங்காது. உள்ளே சூடேறிப் பாழாகும். சுமை-அழுத்த அட்டவணையைப் பார்த்து எவ்வளவு காற்று வேண்டும் என்று கடைக்காரரிடமே எழுதி வாங்குங்கள். குடும்பத்தோடு போகும் சின்ன எஸ்யூவிக்கு எல்டி வேண்டாம், இடுப்புதான் வலிக்கும்.

பனி விழும் ஊர் என்றால் பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் அதன் நடுவே பனிச்சில்லும் பொறித்த சின்னத்தைத் தேடுங்கள். வெறும் எம்+எஸ் (M+S, சேறும் பனியும்) எழுத்து பட்டன் அமைப்பைப் பார்த்து உற்பத்தியாளரே போட்டுக்கொள்வது. சின்னம் பனியில் சோதித்த பிறகு வருவது. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் எம்+எஸ் மட்டும் இருந்தால் பனிக்கால டயராகக் கணக்கில் வராது. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்தச் சின்னம் கட்டாயம். ஆனாலும் சின்னம் சொல்வது அழுந்திய பனியில் கிடைக்கும் பிடிமானத்தைத்தான். கண்ணாடி போல உறைந்த ரோட்டில் ஆல்-டெரெயினை நம்பாதீர்கள். மாதக்கணக்கில் 7 டிகிரிக்குக் கீழே கிடக்கும் ஊரில் தனியாக ஒரு செட் பனி டயர் வைத்துக்கொள்வதே சரி.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இரண்டு டயர் மட்டும் மாற்றவே கூடாது. முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால் முன்-பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் நடுவில் இருக்கும் கப்ளிங் ஓயாமல் சறுக்கிச் சூடாகும். அதன் செலவுக்கு முன் டயர் செலவு ஒன்றுமே இல்லை. ஸ்டெப்னியும் அதே விட்டத்தில் இருக்கட்டும். (அந்தச் சொல் கடையில் புரியாமல் போகலாம், ஸ்பேர் என்று கேளுங்கள்.)

டயரை மாட்டும் முன் பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்ற எழுத்துக்குப் பின் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2324 என்றால் 2024-இன் 23ஆவது வாரம் தயாரானது. பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவது எங்கும் உண்டு. பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் அன்றே செய்துவிடுங்கள். 80-100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பிறகு 8000 கி.மீ.க்கு ஒரு முறை டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் பட்டன்கள் ரம்பப்பல் போலத் தேயும். உள்ளங்கையை டயர் மேல் சுற்றுவாக்கில் ஓட்டிப் பாருங்கள்: ஒரு பக்கம் வழுவழுவென்று போகும், திருப்பி ஓட்டினால் விளிம்பு கையில் தட்டும். அப்படித் தேய்ந்த டயர் வேகத்தில் ஊளையிடும். அதைக் கேட்டு வீல் பேரிங் போய்விட்டது என்று நினைத்துப் பணம் கொடுத்து மாற்றியவர்கள் நிறையப் பேர்.

மணலில் இறங்கினால் காற்றழுத்தத்தை 15-20 பிஎஸ்ஐ என்ற அளவுக்கு இறக்கலாம். சின்ன கம்ப்ரசர் கையில் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள், ஏனென்றால் தார் ரோட்டில் ஏறும் முன் மறுபடி நிரப்பியாக வேண்டும். குளிர் வந்தால் ஏறக்குறைய 6 டிகிரி இறங்க இறங்க ஒரு பிஎஸ்ஐ குறையும். அதனால் முதல் உறைபனிக்கு மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன்பே காற்றைப் பாருங்கள். ஜல்லி ரோட்டில் ஓடி வந்த அன்று பட்டன் இடுக்கில் மாட்டிய கற்களை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்துவிடுங்கள். விட்டால் அவை மெதுவாக உள்ளே துளைத்துக்கொண்டு போகும்.