தட்சிணசித்ராவுக்குப் பாட்டியையும் கூட்டிப் போங்கள்

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு விடுமுறைக்குச் சென்னை வருகிறீர்கள் என்றால் ஒரு நாளை முட்டுக்காட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரைத் தாண்டித் தெற்கே போனால் தட்சிணசித்ரா. 1996-இல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம். சினிமா செட் மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே இருப்பவற்றில் பல, தென்மாநிலங்களின் ஊர்களில் மக்கள் குடியிருந்த நிஜ வீடுகள். அவற்றை வாங்கி, தூண், உத்தரம், கதவு, நிலை என்று பிரித்துக் கொண்டுவந்து, மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 10 மணிக்குத் திறந்ததும் உள்ளே இருங்கள். 12 மணிக்கு மேல் வெயில் தாங்காது. வீட்டுக்கு வீடு ஏறி இறங்க வேண்டும், அதனால் எளிதாகக் கழற்றி மாட்டும் செருப்பே நல்லது. போகும்போது டாக்சி கிடைத்துவிடும், திரும்பும்போதுதான் திண்டாட்டம். நாள் வாடகைக்கு வண்டி பேசிக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம், ஊரில் இருக்கும் பாட்டியையோ பெரியப்பாவையோ கட்டாயம் கூட்டிப் போங்கள். அறிவிப்புப் பலகை சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். போன முறை என் பெரியம்மாவோடு போனேன். அக்ரகாரத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "எங்க வீட்டுல இந்த மூலைய தலகாணி மாதிரி உசத்திக் கட்டியிருக்கும், வழிப்போக்கருங்க படுக்கிறதுக்கு" என்றார். முன்பின் தெரியாதவர்கள் வாசலில் தூங்குவார்களா என்று என் மகள் கேட்டாள். அப்புறம் ஒரு மணி நேரம் இருவரும் அந்தத் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. முற்றம், நிலைப்படி, உரல், அம்மி என்று எத்தனை சொற்கள்! வீட்டில் நான் சொல்லிக் கொடுத்து ஏறாதவை அன்று தானாக ஏறின.

எல்லா வீட்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்று ஓடாதீர்கள். தமிழ்நாட்டுப் பகுதியில் நெசவாளர் வீட்டிலும் செட்டிநாட்டு வீட்டிலும் நிதானமாக நில்லுங்கள். செட்டியார்கள் பர்மாவில் தொழில் செய்த காலத்தில்தான் அங்கிருந்து தேக்கு வந்து செட்டிநாட்டு வீடுகளில் தூணாக நின்றது. கடல் கடந்து பிழைக்கப் போன கதை நமக்குப் புதிதல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆந்திரப் பகுதியில் வட்ட வடிவ வீடு ஒன்று உண்டு. புயல் காற்று மோதி நிற்காமல் சுற்றிக்கொண்டு போகட்டும் என்று கடலோர மக்கள் அப்படிக் கட்டினார்கள். கேரளத்து மர வீட்டில் நெல் வைக்கும் அறையைத் தவற விடாதீர்கள்.

அங்கே குயவர் சக்கரத்தின் முன் பிள்ளைகளை உட்கார வையுங்கள். அவர்கள் செய்வது சுடாத பச்சை மண், பெட்டிக்குள் வைத்தால் நசுங்கிவிடும். இரண்டு நாள் நிழலில் காயவைத்து, துணியில் சுற்றி, விமானத்தில் கைப்பையில் எடுத்துப் போங்கள்.